பந்தும் பற்றுவரவும்

நம் ஊர்களில் "இன்னார் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று ஒரு வழக்கு உண்டு. பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கத் தமக்கு வழியில்லை என்று அவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பது அதன் பொருள். அதைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சட்டத் தமிழில் இதனை நொடிப்பு நிலை என்கிறோம். மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி பார்க்கும் நமக்கு இச்சொல் புதியதன்று. நொடிப்பு, திவால் ஆகியவை பற்றிய சட்டத் தொகுப்பு 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறைவேறிய பின்னர், அது அடிக்கடி நம் மேசைக்கு வருகிறது. ஆலை நொடித்தது, வாணிகக் குழுமம் நொடித்தது, விமானக் கம்பெனி நொடித்தது என்று எழுதி எழுதிக் கை பழகிப் போயிற்று.

ஆனால் பந்து விளையாடும் கழகம் ஒன்று நொடித்துப் போவது எப்படி? அதற்கு வேண்டியவை ஒரு மைதானமும், பதினொரு ஆட்டக்காரரும், ஒரு பந்துந்தாமே? கட்டணம் கொடுத்துப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வருகையில் கடன் எங்கிருந்து வருகிறது? வந்த கடனை முடிவில் யார் தீர்க்கிறார்கள்? இக்கேள்விகளையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கருதலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கால்பந்து நமக்கு அந்நிய விளையாட்டு அன்று என்பது முதற் காரணம். கொல்கத்தாவில் குடியேறிய தமிழர் எவரும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு பெயர்களையும் கேளாமல் அந்நகரில் ஓராண்டு கழித்திருக்க இயலாது. பெங்களூரில் தமிழர் மிகுந்து வாழும் கௌதமபுரத்திலோ, பிரேசில் நாட்டு வீரர் பெலேக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது காரணத்தை இப்பேச்சின் முடிவில் சொல்லுவோம்.

முதலில், ஒரு கழகம் யாருடையது என்று கேட்டுக்கொள்வோம். இவ்விளையாட்டு இன்றைய வடிவம் பெற்ற நாடு இங்கிலாந்து. அங்குள்ள பழைய கழகங்களுள் பல 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியவை. தேவாலயத்து இளைஞர்களும், தொழிற்சாலை ஊழியர்களும், பள்ளித் தோழர்களும் கூடித் தொடங்கியவை. நாளடைவில் அவை கம்பெனிகளாகப் பதிவாயின, பங்குகள் கைமாறின. ஆகவே இன்று ஒரு கழகத்துக்கு இருவகைச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தில் பெயருள்ளவர் ஒருவகை. அவர் இன்று வாங்குவார், நாளை விற்பார். ஊரார் மற்றொரு வகை. பாட்டன் நின்று பார்த்த இடத்துக்குப் பேரனை அழைத்து வருபவர்கள் அவர்கள். அவர்களிடம் பத்திரம் இல்லை. ஆகையால் விற்கவும் முடியாது. பாசம் இருக்கிறது, ஆகையால் விட்டுப் போகவும் முடியாது. செலவழிக்கும் அதிகாரம் முதலாமவரிடம் இருக்கிறது. செலவின் விளைவோ இரண்டாமவரைச் சேருகிறது. நாம் இனிச் சொல்லப் போகும் கதைகளுக்கெல்லாம் இதுவே வேர்.

கழகத்துக்கு வருமானம் மூன்று வழிகளில் வருகிறது. நுழைவுச் சீட்டு விற்பனை ஒன்று. தொலைக்காட்சி உரிமைப் பணம் ஒன்று. விளம்பரமும் வாணிகமும் ஒன்று. செலவுகளுள் தலையாயது ஆட்டக்காரரின் ஊதியம். புதிய ஆட்டக்காரரைப் பிற கழகத்திலிருந்து பெறுவதற்குக் கொடுக்கும் தொகை அடுத்தது. ஊதியத்தை வருமானத்துக்குள் அடக்கினால் கணக்குச் சரியாகிவிடும். அடக்க முடியாமற் போவது ஏன் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டி ஏணி போன்றது. மேற்படியில் 20 கழகங்கள். 1992ஆம் ஆண்டு முதல் அதற்குப் பிரீமியர் லீக் என்று பெயர். அதன் கீழே மூன்று படிகள்; படிக்கு 24 கழகங்கள். ஆண்டுதோறும் மேற்படியில் கடைசி மூன்று இடங்களைப் பெறுவோர் கீழே இறக்கப்படுகிறார்கள். கீழ்ப்படியிலிருந்து மூவர் மேலே ஏறுகிறார்கள். மேற்படிக்குக் கிடைக்கும் தொலைக்காட்சிப் பணத்துக்கும் அடுத்த படிக்குக் கிடைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இந்நிலையில் கீழே இருப்பவர், "இன்னும் இரண்டு நல்ல ஆட்டக்காரரை வாங்கினால் ஏறிவிடலாம், ஏறியபின் கடனை அடைத்துவிடலாம்" என்று எண்ணுகிறார். மேலே இருப்பவர், "வாங்காவிட்டால் இறங்கிவிடுவோம்" என்று அஞ்சுகிறார். இருபத்து நான்கு பேரும் இப்படியே எண்ணிச் செலவு செய்தாலும், ஏறப் போகிறவர்கள் மூவர் மட்டுமே. எஞ்சிய இருபத்தொருவருக்குக் கடன் மாத்திரம் மிஞ்சும். 2018-19ஆம் பருவத்தில் இரண்டாம் படியிலுள்ள கழகங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், தம் மொத்த வருமானத்தைக் காட்டிலும் மிகுதியான தொகையை ஊதியமாகவே கொடுத்தன. நூறு ரூபாய் சம்பாதிப்பவர் சமையற்காரருக்கே நூற்று ஐந்து ரூபாய் கொடுத்தால், அரிசி வாங்குவது எதைக் கொண்டு?

இவ்வாறு நடந்தவற்றுள் பெயர் பெற்றது லீட்ஸ் யுனைடெட் கழகத்தின் கதை. யார்க்ஷயர் பகுதியின் பெருநகர் லீட்ஸ். அக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தோர் 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு துணிவான முடிவு செய்தார்கள். ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் ஆண்டுதோறும் இடம் பெற்றால் பணம் வெள்ளமாய் வரும். அதற்குச் சிறந்த ஆட்டக்காரர்கள் வேண்டும். அவர்களை வாங்கக் கடன் வாங்குவோம் என்பது அம்முடிவு. 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டு என்ற தடுப்பாட்டக்காரரை 1 கோடியே 80 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார்கள். வருங்காலத்தில் விற்கப் போகும் நுழைவுச் சீட்டுகளை ஈடாகக் காட்டி 6 கோடி பவுன் கடன் பெற்றார்கள். அதனைத் திருப்பித் தர 25 ஆண்டுத் தவணை. நாற்று நடுமுன்னரே இருபத்தைந்து போகத்து நெல்லை அடகு வைப்பது போன்றது இது.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. 2001ஆம் ஆண்டில் லீட்ஸ் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் அரையிறுதி வரை சென்றது. நகரமே கொண்டாடிற்று. ஆனால் அதே பருவத்தில் உள்நாட்டுப் போட்டியில் அது பெற்றது நான்காம் இடம். மூன்றாம் இடம் பெற்ற லிவர்பூலுக்கு 69 புள்ளிகள், லீட்ஸுக்கு 68. மறு ஆண்டுச் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு மூன்றாம் இடத்தோடு முடிந்துவிட்டது. ஒரு புள்ளி! ஒரே ஓர் ஆட்டத்தில் பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு புள்ளி. கோடிக்கணக்கான கடனைத் தாங்கி நின்ற தூண் அவ்வளவு மெல்லியது.

அப்போதாவது நிறுத்தினார்களா? இல்லை. அடுத்த பருவத்திலும், 1 கோடியே 10 லட்சம் பவுன் அளவில் விலை கொடுத்து, ராபி ஃபௌலர் என்ற முன்னணி ஆட்டக்காரரை வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் கிடைத்தது ஐந்தாம் இடம். அதன் பின்னர் விற்பனை தொடங்கியது. 2002இல் ஃபெர்டினாண்டு ஏறத்தாழ 3 கோடி பவுனுக்கு, நெடுங்காலப் போட்டியாளரான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்கப்பட்டார். 2003இல் ஃபௌலரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றபோது, அவருடைய ஊதியத்தில் ஒரு பகுதியைத் தொடர்ந்து தாமே கொடுப்பதாக லீட்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. விற்ற மாடு அடுத்தவர் வயலில் உழ, அதற்குத் தீனி நம் வீட்டிலிருந்து போயிற்று.

2004இல் லீட்ஸ் கீழ்ப்படிக்கு இறங்கியது. அவ்வாண்டே தன் சொந்த மைதானமாகிய எல்லண்ட் ரோடை விற்று, விற்ற இடத்திலேயே வாடகைக்கு ஆடியது. 2007 மே மாதம் நொடிப்பு நிலையை அடைந்து மூன்றாம் படிக்கும் இறங்கியது. மேற்படிக்கு மீண்டும் ஏறியது 2020ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை பதினாறு ஆண்டுகள். அரையிறுதி ஆட்டத்தன்று பிறந்த குழந்தை பத்தொன்பது வயது இளைஞனாகிவிட்டான்.

இக்கதையில் பத்திரிகைகள் விரும்பி எடுத்துரைத்த செய்தி ஒன்று உண்டு. தலைவரின் அலுவலக அறையில் வைத்திருந்த அலங்கார மீன்களுக்கும் கழகம் மாத வாடகை கட்டி வந்தது என்பதே அது. மக்கள் நகைத்தார்கள். ஆனால் மீன் தொட்டிக்கான வாடகை அற்பமானது. அதனால் எந்தக் கழகமும் கவிழாது. கவிழ்த்தது மக்கள் கைதட்டி வரவேற்ற செலவு. புதிய ஆட்டக்காரர் வந்த நாளில் யார்தாம் ஐந்தொகையைக் காட்டச் சொன்னார்கள்? ஊதாரித்தனம் எப்போதும் ஊதாரித்தனத்தின் உடையில் வருவதில்லை. பல வேளைகளில் அது ஊர்ப்பற்றின் உடையில் வருகிறது.

இன்னும் கைக்கு வராத பணத்தை நம்பிச் செலவழிப்பது ஒரு கழகத்தோடு நின்ற பழக்கமும் அன்று. இங்கிலாந்தின் கீழ்ப்படிக் கழகங்கள் மூன்றாண்டுத் தொலைக்காட்சி உரிமைக்காக 31 கோடியே 50 லட்சம் பவுன் தருவதாக ஐடிவி டிஜிட்டல் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தன. அப்பணத்தை நம்பி ஆட்டக்காரரோடு ஊதிய ஒப்பந்தங்களும் எழுதின. 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனமே நொடித்துப் போயிற்று. வரவு நின்றது; எழுதிக் கொடுத்த ஊதியம் நிற்கவில்லை. பல கழகங்கள் தடுமாறின. ஸ்காட்லாந்திலோ, 1872இல் தோன்றிய ரேஞ்சர்ஸ் கழகம் 2011ஆம் ஆண்டில் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. வருங்காலப் பருவச் சீட்டுகளை முன்கூட்டியே விற்றுப் பணம் திரட்டினார்கள். 2012 பிப்ரவரியில் அது நொடித்தது. புதிய கம்பெனியின் கீழ், நான்காம் படியிலிருந்து அது மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

ஆங்கிலச் சட்டத்தில் இத்தகைய வேளையில் நீதிமன்றத்தின் சார்பில் ஒருவர் பொறுப்பேற்றுக் கணக்கை ஒழுங்கு செய்வார். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நிர்வாகம்" என்று வரும். மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இராவிட்டால், "கழகம் நிர்வாகத்துக்குள் நுழைந்தது" என்று எழுதிவிடுவார். படிப்பவரும் நல்ல காலம் பிறந்தது என்று மகிழ்ந்துவிடுவார். உண்மையில் அது வீட்டுக்குப் பூட்டு விழுவதற்கு முன் கிடைக்கும் கடைசித் தவணை. அந்நிலையை அடையும் கழகத்துக்குப் போட்டியில் புள்ளிகளும் குறைக்கப்படும். கடனைத் தள்ளுபடி செய்துகொண்டு, ஒழுங்காகக் கடன் கட்டியவர்களை முந்திச் செல்லக் கூடாதன்றோ?

அடுத்து, கடனைத் தீர்ப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். தென் கடற்கரைத் துறைமுக நகராகிய போர்ட்ஸ்மத்தின் கழகம் 2008ஆம் ஆண்டில் புகழ்பெற்ற எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அதன் மைதானமோ ஏறத்தாழ 20,000 பேர் மட்டும் அமரக்கூடியது. அந்த மைதானத்து வருமானத்தைக் கொண்டு கோப்பையை வெல்லும் அணியை வைத்துக் காப்பாற்ற முடியாது. உரிமையாளரின் பணமும் கடனும் சேர்ந்தே அவ்வெற்றியைச் சாத்தியமாக்கின. உரிமையாளர் கை சுருங்கியதும் எல்லாம் சுருங்கிற்று. 2009-10 என்ற ஒரே பருவத்தில் கழகம் நான்கு உரிமையாளர்களைக் கண்டது. 2010 பிப்ரவரியில், பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே நொடித்துப் போன முதற் கழகம் என்ற பெயரைப் பெற்றது. கடன் 10 கோடிப் பவுனுக்கு மேல். ஒன்பது புள்ளிகள் குறைக்கப்பட்டன. அலுவலகத்திலும் மைதானத்திலும் பணி செய்தவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். வியப்பென்னவென்றால், அதே ஆண்டிலும் அணி கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்று, செல்சியிடம் தோற்றது.

கடன்காரர் பட்டியல் வெளியானபோது அதில் காணப்பட்ட பெயர்களுள் ஒன்று செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ். ஆட்டத்தின்போது மயங்கி விழுவோருக்கு முதலுதவி செய்யத் தொண்டர்களை அனுப்பும் அறநிறுவனம் அது. அதற்கும் பாக்கி! இங்கே ஒரு விதியைக் குறிப்பிட வேண்டும். ஒரு கழகம் நொடித்தால், ஆட்டக்காரருக்கும் பிற கழகங்களுக்கும் சேர வேண்டிய கடனை முழுமையாகக் கொடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள கால்பந்துச் சங்கங்களின் விதி. கொடுக்காவிட்டால் போட்டியில் இடம் இல்லை. எஞ்சியதைத்தான் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போர்ட்ஸ்மத் கழகத்தின் மற்றக் கடன்காரருக்கு 2010இல் பேசி முடித்த தொகை பவுனுக்கு 20 பென்ஸ். நம் கணக்கில் ரூபாய்க்கு இருபது காசு.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இலட்சக்கணக்கில் ஊதியம் பெற்றவருக்கு முழுத்தொகை. ரொட்டி கொடுத்தவர், தாள் அச்சிட்டவர், குழாய் பழுது பார்த்தவர் ஆகியோருக்கு ஐந்தில் ஒரு பங்கு. பொதுமக்களின் வரிப்பணத்துக்கும் அதே கதி. செலவழித்து மகிழ்ந்தவர் ஒருவர், கடனைச் சுமந்தவர் வேறொருவர். கோப்பையில் பங்கு கேளாதவர்கள் நட்டத்தில் பங்கு பெற்றார்கள்.

எல்லாவற்றிலும் துயரமானது பரி நகரின் கதை. மான்செஸ்டருக்கு அண்மையில் உள்ள பழைய நூற்பாலை நகரம் அது. அங்கே 1885ஆம் ஆண்டில் தோன்றிய கழகம் 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டாம் முறை இறுதி ஆட்டத்தில் டார்பி அணிக்கு எதிராக ஆறு கோல்கள் போட்டுத் தான் ஒன்றும் வாங்காமல் வென்றது. அந்தச் சாதனையை 2019 வரை வேறெந்த அணியும் சமன் செய்யவில்லை. இத்தகைய கழகம் அண்மைக் காலத்தில் தன் சக்திக்கு மீறிய ஊதியம் கொடுத்து, மைதானத்தை அடமானம் வைத்து, வண்டி நிறுத்தும் இடங்களைக்கூட முதலீட்டாளருக்கு விற்று நாளைக் கடத்தியது. 2018 டிசம்பரில் ஒரு பவுனுக்குக் கைமாறியது. ஆட்டக்காரருக்கு ஊதியம் வராத மாதங்களிலும் அவர்கள் மனந்தளராது ஆடி, 2019இல் மூன்றாம் படிக்கு ஏறிக் காட்டினார்கள். ஆயினும் புதிய பருவத்தை நடத்தப் பணம் இருக்கிறது என்று உரிமையாளரால் மெய்ப்பிக்க இயலவில்லை.

2019 ஆகஸ்டு 27ஆம் நாள் கடைசிக் கெடு. கழகத்தை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. அன்று காலை நூற்றுக்கணக்கான ஊர் மக்கள் விளக்குமாறும் வாளியும் துணியுமாக கிக் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் நாற்காலிகளைத் துடைத்தார்கள்; படிகளைக் கூட்டினார்கள். அவர்கள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே, வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கிய செய்தி வந்தது. இரவு, கழகம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. 1992க்குப் பின்னர் அவ்வாறு ஒரு கழகம் இடம் இழந்தது அதுவே முதன்முறை. பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள் விளக்குமாற்றோடு வந்து நின்றார்கள். பெயர் உள்ளவரால் கணக்கைக் காட்ட முடியவில்லை. கழகம் யாருடையது என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்கு அன்று காலை கிடைத்த விடை ஒன்று. இரவு கிடைத்த விடை மற்றொன்று.

இவற்றுக்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. அதனையும் ஊராரே காட்டினார்கள். போர்ட்ஸ்மத் 2012இல் இரண்டாம் முறையும் நொடித்தது. நான்காம் படி வரை இறங்கியது. அப்போது ரசிகர்கள் தலைக்கு ஆயிரம் பவுன் என்று பங்கு சேர்த்து, 2013 ஏப்ரலில் கழகத்தையே வாங்கினார்கள். ஆயிரம் பவுன் இல்லாதோர் சிலராகக் கூடி ஒரு பங்கு எடுத்தார்கள். வரவுக்குள் செலவை அடக்கினார்கள். பழைய கடனை அடுத்த ஆண்டிலேயே தீர்த்தார்கள். 2017இல் மூன்றாம் படிக்கு ஏறினார்கள். அவ்வாண்டில் ஒரு செல்வரிடம் கழகத்தை ஒப்படைத்தபோதும், பங்குதாரர்களின் வாக்கெடுப்பு நடத்தியே ஒப்படைத்தார்கள். 2024இல் அது இரண்டாம் படியை எட்டியது. பரி நகரத்தாரும் சும்மா இருக்கவில்லை. 2022இல் அரசாங்க நிதியுதவியோடு கிக் லேன் மைதானத்தை மீட்டார்கள். 2023 முதல் பழைய பெயரிலேயே, ஏணியின் அடிப்படிகளில் நின்று, மீண்டும் ஆடத் தொடங்கினார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் விதி மட்டும் போதாது என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. டார்ட்மண்ட் கழகம் 2000ஆம் ஆண்டில் பங்குச் சந்தைக்குச் சென்று பணம் திரட்டி, தாராளமாகச் செலவிட்டு, 2005இல் நொடிப்பின் விளிம்பு வரை சென்றது. கடன் கொடுத்தோர் இணங்கியதால் பிழைத்தது. உறுப்பினருக்கு வாக்கு இருந்தும் கணக்கைக் கேளாதிருந்தால் பயன் என்ன? இங்கிலாந்திலோ, 2025ஆம் ஆண்டில் கால்பந்து ஆளுகைக்கென்று தனிச் சட்டமே இயற்றி, கழகங்களின் பண நிலையையும் உரிமையாளரின் தகுதியையும் ஆராய ஓர் ஒழுங்காணையத்தை அமைத்திருக்கிறார்கள். அதன் ஒப்புதல் இன்றி மைதானத்தை விற்பதும் இனி இயலாது.

நம் நாட்டிலும் இந்தப் படிப்பினைக்கு இடமிருக்கிறது. இங்கே கடன்காரர் வந்து கதவைத் தட்டியதை விடப் புரவலர் கை விட்டதே மிகுதி. 1996-97இல் முதலாவது தேசிய லீக் போட்டியை வென்ற பஞ்சாபின் ஜேசிடி அணி 2011இல் கலைக்கப்பட்டது. 2005-06இல் அதே பட்டத்தை வென்ற மும்பையின் மகிந்திரா யுனைடெட் அணியை அதன் நிறுவனம் 2010இல் மூடிவிட்டது. வாயில் வருமானத்தில் வேர் ஊன்றாத மரம், தண்ணீர் ஊற்றுபவர் மனம் மாறிய அன்றே வாடுகிறது.

இனி, இறுதியில் சொல்லுவோம் என்ற இரண்டாவது காரணம். நாம் வட இந்திய நகரம் ஒன்றில் பணி நிமித்தம் தங்கியிருந்தபோது அங்கு ஒரு தமிழர் சங்கத்தில் செயற்குழு உறுப்பினராக இருந்தோம். சிறு சந்தா, ஒரு வாடகை அறை, ஒரு புத்தக அலமாரி, ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு. ஓராண்டு வசதி படைத்த அன்பர் ஒருவர், "ஆண்டு விழாவைப் பெரிதாக நடத்துங்கள். துண்டு விழுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சென்னையிலிருந்து கலைஞர்கள் விமானத்தில் வந்தார்கள். அரங்கம் நிறைந்தது. மறு ஆண்டும் அவ்வாறே. சந்தாவை உயர்த்துவோம் என்று பொருளாளர் ஒருமுறை சொன்னார். எதற்கு என்று கேட்டுச் சிரித்தோம். மூன்றாம் ஆண்டு விழா முடிந்ததும் அந்த அன்பரின் தொழில் வேறு நகருக்கு மாறியது. அவர் கெட்ட எண்ணத்தோடு போனார் என்று சொல்ல மாட்டோம். அவர் கொடுத்தது வாய்ச்சொல். நாம் எழுதி வாங்கவில்லை. பந்தல்காரர் மூன்று மாதம் நடையாய் நடந்தார். ஒலிபெருக்கிக்காரருக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது. மீதிக் கடனில் ஒரு பகுதியைப் பொருளாளர், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த எழுத்தர், தம் சேமநிதியிலிருந்து கொடுத்தார். அறை வாடகை கட்ட வழியின்றித் தமிழ் வகுப்பு ஓராண்டு நின்றது. அவ்வாண்டு அகரம் எழுத வேண்டிய குழந்தைகள் சிலர் பிறகு வரவே இல்லை. பெரிய விழாவுக்குக் கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர்.

ஆகவே லீட்ஸையும் போர்ட்ஸ்மத்தையும் தொலைவிலிருந்து குறை கூறும் தகுதி நமக்கு முழுமையாக இல்லை. வெளியூரில் வாழும் நாம் சங்கமோ, பஜனை மடமோ, பந்தாட்டக் குழுவோ எதை நடத்தினாலும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இந்தச் செலவுக்கு எதிரான வரவு எது? அந்த வரவு கைக்கு வந்துவிட்டதா, வருமென்று நம்பியிருக்கிறோமா? இன்று கொடுப்பவர் நாளை நிறுத்திவிட்டால், பாக்கியைச் சுமப்பவர் யார்? கேட்பவரைக் கஞ்சன் என்பார்கள். ஊர்ப்பற்று இல்லாதவர் என்றும் சொல்லுவார்கள். பொறுத்துக்கொள்ளலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். விழாவிலும் விளையாட்டிலும் போடும்போது அளக்காவிட்டால், அளப்பவர் பின்னால் வருவார். அவர் கையில் மஞ்சள் கடுதாசி இருக்கும்.

நேசிக்கும் ஒன்றைக் காக்க விளக்குமாறு எடுக்கும் மக்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். விளக்குமாறு எடுக்க வேண்டிய நாள் வருமுன் கணக்கேட்டை எடுத்துப் பார்ப்பவர்களாக நாம் இருப்போம்.